காற்றுக்கு மூன்று நாள்

பேர்லயே சமுத்திரம் இருந்தாலும் எங்க பாலசமுத்திரத்துல கடல் கிடையாதுங்க. சித்தூர், திருப்பதிப் பக்கம் சமுத்திரம்னு முடியற ஊர்ப் பேருக்கெல்லாம் பெரும்பாலும் ஏரிதான் காரணம். அப்படி ஒரு ஊர்ல பிறந்து, பி.காம் முடிச்சு, பேங்க் வேலையா லண்டன் வந்து சேர்ந்தவன் தீவைப் பத்தி என்னத்தை எழுதப் போறான்னு கேக்கறீங்களா? ரெண்டு தீவு இருக்கு. ஒண்ணு ஸ்காட்லாந்துல இருக்கற ஸ்கை, இன்னொண்ணு நம்ம ராமேஸ்வரம். ரெண்டையும் சேர்த்து வைக்கறது எங்க தாத்தாவோட கணக்கு நோட்டு.

முதல்ல ஸ்கை. போன வருஷம் ஆறு குடும்பம் சேர்ந்து அங்க நடைப்பயணம் போனோம். மதுரைக்காரங்க, யாழ்ப்பாணத்துக்காரங்க, நாங்கன்னு ஒரு கலவை. நாலு நாள் நடக்கறதா திட்டம். அந்தத் தீவோட வானிலை இருக்கே, காலைல வெயில், காப்பி குடிச்சு முடிக்கறதுக்குள்ள மழை, அப்புறம் மறுபடி வெயில். ரெண்டாம் நாள் குவிராங் மலைச்சரிவுல நடக்கணும். வழிகாட்டியா வந்த அம்மா வானத்தைப் பார்த்தாங்க, காத்து வேகத்தைப் பார்த்தாங்க, இன்னிக்கு வேண்டாம்னுட்டாங்க.

கூட்டத்துக்குப் பொருளாளர் நான்தான். எனக்குச் சுருக்குன்னுச்சு. ஒரு நாள் சும்மா உக்காந்தா எவ்வளவு நஷ்டம்னு மனசுக்குள்ள கூட்டிப் பார்த்துட்டு, "வெயில்தானே அடிக்குது, பாதி தூரமாவது போலாமே"ன்னு வாதாடினேன். மத்தவங்களையும் தூண்டி விட்டேன். அவங்க அசையலை. மதியம் ரெண்டு மணிக்கு அடிச்ச காத்துல கார் கதவைத் திறக்க ரெண்டு பேர் வேண்டியிருந்தது. எங்க பொண்ணுக்கு பத்து வயசு. "அப்பா, நாம போயிருந்தா என்ன ஆயிருக்கும்?"னு கேட்டா. நான் பதில் சொல்லலை.

அப்புறம் ஊருக்குப் போனப்ப, பெரியப்பா பழைய டிரங்குப் பெட்டியைக் காலி பண்ணிக்கிட்டிருந்தார். அதுல கிடைச்சதுதான் நோட்டு. "1951 ஆடி, ராமேஸ்வர யாத்திரை"ன்னு முதல் பக்கத்துல எழுதியிருந்தது. அப்ப எங்க ஊர் மதராஸ் மாநிலத்துல இருந்துச்சு, ஆந்திரா தனியானது 1953 அக்டோபர் 1-ல. தாத்தாவோட சேர்த்து பன்னிரண்டு பேர். எழும்பூர்ல போட் மெயில் ஏறி, பாம்பன்ல வண்டி மாறி ராமேஸ்வரம். ரயில் டிக்கெட், அரிசி, விறகுன்னு எல்லாத்துக்கும் ரூபாய், அணா, பைசா. நடுவுல ஒரு வரி: "காற்றுக்கு மூன்று நாள், ரூ. 9-6-0."

என்ன பெரியப்பா இதுன்னு கேட்டேன். ராமேஸ்வரத்துல இருந்து தனுஷ்கோடிக்கு நடந்தே போய் சேதுல குளிக்கறதா வேண்டுதலாம். அந்தக் காலத்துல தனுஷ்கோடிக்கே ரயில் உண்டு. ஆனாலும் வேண்டுதல் வேண்டுதல்தான். தங்கின சத்திரத்துக்காரர், "ஆடிக்காத்து, மணல் கண்ணைத் திறக்க விடாது, வயசானவங்களைக் கூட்டிக்கிட்டுப் போகாதீங்க"ன்னு சொல்லிட்டார். பன்னிரண்டு பேரும் மூணு நாள் உக்காந்துட்டாங்க. நாலாம் நாள் விடியக்காலைல கிளம்பி நடந்தாங்க.

அந்தத் தீவே நடக்கறவங்களுக்காக உண்டான மாதிரிதான். 17ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் சடைக்கத் தேவரை சேதுபதியா அமர்த்தினப்ப, யாத்திரைக்காரங்களைப் பத்திரமா கொண்டு போய்ச் சேர்க்கறதும் அவரோட பொறுப்பு. ராமேஸ்வரம் பாதை நெடுக சேதுபதிகள் சத்திரம் கட்டினாங்க. பாம்பன்ல இருந்து போனா அக்காள்மடம், தங்கச்சிமடம், அதையும் தாண்டி தனுஷ்கோடி வழியில முகுந்தராயர் சத்திரம். ஊர்ப் பேரே மடமும் சத்திரமும்தான். யாத்திரைக்காரங்ககிட்ட வரி வசூல் பண்ணின சொந்த மருமகனுக்கே ஒரு சேதுபதி மரண தண்டனை குடுத்தார், அவனைக் கட்டின ரெண்டு மகள்களும் உயிரை விட்டாங்க, அவங்க நினைவாத்தான் அந்த ரெண்டு மடமும்னு ஒரு கதை அங்க வழங்குது. நடந்து வர்றவன் மடியில கை வைக்கறது அவ்வளவு பெரிய பாவம்!

தனுஷ்கோடி நுனில ரெண்டு பக்கமும் கடல். வடக்குல பாக் நீரிணை, அதைப் பெண்கடல்னு சொல்லுவாங்க. தெற்குல மன்னார் வளைகுடா, ஆண்கடல். தென்மேற்குக் காத்து வீசற ஆடி மாசத்துல தெற்குக் கடல் கொந்தளிக்கும், வடக்கு அடங்கியிருக்கும். ஐப்பசி, கார்த்திகைல வாடைக்காத்து வந்தா அது அப்படியே தலைகீழ். நடக்கறவங்களும் மீனவங்களும் இதை வெச்சுத்தான் நாள் குறிச்சாங்க.

ரயிலுக்கு நாள் பார்க்கற வழக்கம் கிடையாது. 1914-ல பாம்பன் பாலம் வந்தது. அதே வருஷம் தனுஷ்கோடில இருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் ஓட ஆரம்பிச்சது. அம்பது வருஷம் எல்லாம் நேரப்படி நடந்தது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னாடி பாம்பன்ல இருந்து கிளம்பின 653ஆம் நம்பர் பாசஞ்சர், தனுஷ்கோடியை எட்டறதுக்குக் கொஞ்ச தூரம் முன்னாடி புயல்ல மாட்டிக்கிச்சு. சிக்னல் கிடைக்கலை. கடல் எழும்பி வண்டியை அப்படியே இழுத்துக்கிட்டுப் போயிருச்சு. நூறு பேருக்கு மேல இருந்தாங்க, ஒருத்தரும் தப்பலை. அந்த டிரைவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நேரத்துக்குக் கொண்டு போய்ச் சேர்க்கறது அவர் வேலை. உயிர் பிழைக்கணும்னு பலர் ராமேஸ்வரம் கோயிலுக்குள்ள தஞ்சம் புகுந்தாங்க. தனுஷ்கோடி ஊர் அழிஞ்சது, மனுஷங்க வசிக்க லாயக்கில்லைன்னு அரசாங்கமே அறிவிச்சது. பாலத்தை ஸ்ரீதரன் தலைமையில 46 நாள்ல சரி பண்ணிட்டாங்க. அந்தப் பழைய பாலத்துல பின்னாடி ஒரு விதி இருந்தது: காத்து மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினா ரயிலுக்கு சிக்னல் கிடையாது. சத்திரத்துக்காரர் 1951-ல சொன்னதுதான். 2025 ஏப்ரல்ல புதுப் பாலமும் திறந்தாச்சு.

நோட்டுல இன்னொரு வரியும் இருந்தது: "தனுஷ்கோடி மீனவர் குடிசையில் ஊற்றுத் தண்ணீர், காசு வாங்கவில்லை." மணல்ல தோண்டி எடுக்கற நல்ல தண்ணி அது. 1964-ல ரேடியோல சேதி கேட்டப்ப தாத்தா ராத்திரி சாப்பிடலையாம். "தண்ணி குடுத்தவங்க என்ன ஆனாங்களோ"ன்னு பல நாள் கேட்டுக்கிட்டே இருந்தாராம். அவங்க பேர்கூட நோட்டுல இல்லை.

வரவு செலவு படிச்சவன் நான். காத்திருக்கற நாளை எங்க தொழில்ல நஷ்டம்னுதான் எழுதுவோம். தாத்தா ஆறாம் வகுப்பு. அவர் அதை நஷ்டம்னு எழுதலை, அரிசி, விறகு மாதிரி அதுவும் யாத்திரைக்கு வேண்டிய ஒரு செலவுன்னு எழுதியிருக்கார். லண்டன் திரும்பினதும் ஸ்கை வழிகாட்டி அம்மாவுக்கு ஒரு மெயில் போட்டேன். மன்னிப்புக் கேட்டுத்தான் :-)

வர்ற தை மாசம் அதே ஆறு குடும்பமும் ராமேஸ்வரம் போறோம். முகுந்தராயர் சத்திரத்துல இருந்து அரிச்சல்முனைக்கு 2017-ல இருந்து நல்ல ரோடு இருக்கு. ஒன்பதரை கிலோமீட்டர், பிள்ளைங்களும் நடக்கலாம். வழியில தண்ணி குடுக்கற யாரையாவது பார்த்தா பேரைக் கேட்டு எழுதிக்கணும்னு எங்க பொண்ணு புது நோட்டு வாங்கி வெச்சிருக்கா. செலவுப் பட்டியல் எப்பவும் போல நான்தான் போட்டேன். விமானம், ரயில், சாப்பாடு, தங்கற இடம் எல்லாம் எழுதிட்டு, கடைசி வரி இப்படி: "காற்றுக்கு இரண்டு நாள்."

இந்தத் தடவை யாரும் ஏன்னு கேக்கலை.