மடக்கை யாருடையது?

சில ஆண்டுகளுக்கு முன்னர் அட்டாளைச்சேனையில் ஒரு மீலாத் விழா. முஸ்லிம்கள் உலகுக்கு அளித்த அறிவுக் கொடைகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்த பேச்சாளர், அல்ஜீப்ராவைச் சொன்னார், வானியலைச் சொன்னார், பின்னர் "லோகரிதம் என்ற சொல்லே அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்ததுதான்" என்றார். சபையில் தக்பீர் முழங்கியது. கூட்டம் கலைந்த பின், என்னிடம் கணிதம் படிக்கும் பிள்ளை ஒருத்தி தன் வாப்பாவின் சைக்கிளருகே நின்றபடி கேட்டாள்: "சேர், மடக்கையைக் கண்டுபிடிச்சது நேப்பியர் எண்டுதானே நீங்க படிச்சித் தந்த?"

வீதியில் நின்று சொல்லி முடிக்கக்கூடிய விடையல்ல அது. "வகுப்புல கதைப்பம் மகள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இங்கு எழுதுகின்றேன்.

முதலில் சொல்லை எடுத்துக்கொள்வோம். பக்தாதில் கலீபா மஃமூனின் காலத்தில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி, இந்திய எண்களைக் கொண்டு கணக்கிடும் முறைபற்றி ஒரு நூல் எழுதினார். அதன் அரபு மூலம் நமக்குக் கிடைக்கவில்லை. இலத்தீன் வடிவம் கிடைத்திருக்கின்றது. இலத்தீனில் அவரது பெயர் 'அல்கோரித்மி' என ஆகி, அதிலிருந்து பிறந்த சொல்தான் 'அல்கோரிதம்'. இன்று கணினி உலகமே அச்சொல்லை உச்சரிக்கின்றது. 'லோகரிதம்' வேறு. விகிதம் எனப் பொருள்படும் 'லோகொஸ்', எண் எனப் பொருள்படும் 'அரித்மொஸ்' என்னும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஜோன் நேப்பியர் ஆக்கிய சொல் அது. ஆங்கிலத்தில் இரண்டு சொற்களுக்கும் எழுத்துக்கள் கூட ஒன்றே, வரிசைதான் மாறியிருக்கின்றது. மேடையில் நேர்ந்த மயக்கத்துக்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

ஆகவே சொல் எம்முடையதல்ல. பொருள்? அதற்கு மடக்கை என்பது என்னவென்று பார்க்க வேண்டும்.

2, 4, 8, 16, 32 என்று எழுதுங்கள். ஒவ்வொன்றின் கீழும் 1, 2, 3, 4, 5 என எழுதுங்கள். மேல் வரிசையில் 4ஐ 8ஆல் பெருக்கினால் 32. கீழ் வரிசையில் அவற்றுக்குரிய 2ஐயும் 3ஐயும் கூட்டினால் 5. அந்த 5க்கு மேலே நிற்பதும் 32தான். மேலே பெருக்கல், கீழே கூட்டல். மேலே வகுத்தால் கீழே கழித்தல். மேலே ஓர் எண்ணை வர்க்கித்தால் கீழே இரட்டிப்பு. கீழ் வரிசையில் நிற்கும் எண்தான் மேலே உள்ளதன் மடக்கை. மாணவர் மனனம் செய்யும் மடக்கை விதிகள் யாவும் இந்த இரு வரிசைக்குள் அடங்கிவிடுகின்றன.

இந்த உண்மையை முதலில் கண்டவர் நேப்பியர் அல்லர். கி.பி. 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஏறத்தாழ அல்-குவாரிஸ்மி வாழ்ந்த அதே காலத்தில், இந்தியாவில் வீரசேனர் என்னும் சமண அறிஞர் தமது தவளா உரையில் 'அர்த்தச்சேதம்' என்ற ஒன்றைக் கையாண்டார். ஓர் எண்ணை எத்தனை தடவை பாதியாக்கலாம் என்பதே அது. 32இன் அர்த்தச்சேதம் 5. இன்றைய மொழியில் சொன்னால் இரண்டை அடியாகக் கொண்ட மடக்கை. பெருக்கலுக்குக் கூட்டல் என்னும் விதியும் அவரிடம் இருந்தது.

எம்மவர் பக்கம் வந்தால், அல்-கரஜியும் அவர் வழிவந்த அஸ்-ஸமவ்அலும் முன்னிற்கின்றனர். 12ஆம் நூற்றாண்டில் பக்தாதில் யூதக் குடும்பமொன்றில் பிறந்து 1163இல் இஸ்லாத்தைத் தழுவிய அஸ்-ஸமவ்அல், இருபது வயதை எட்டுமுன்னரே 'அல்-பாஹிர்' என்னும் அல்ஜீப்ரா நூலை எழுதியவர். அதில் ஒன்றை நடுவில் வைத்து, அடுக்குகளை ஒரு புறமும் அவற்றின் தலைகீழ்களை மறுபுறமுமாக நிறுத்திய அட்டவணை இருக்கின்றது. இரண்டு அடுக்குகளைப் பெருக்க வேண்டுமா? ஒன்றிலிருந்து எத்தனை கட்டம் தள்ளி நிற்கின்றன என எண்ணி, அத்தனை கட்டம் நகருங்கள் என்கிறார். சுட்டிகளைக் கூட்டும் விதி இதுவேதான். மேடையில் பெருமையோடு சொல்லத்தக்க செய்தி இது. ஆனால் இப்பெயர் எமது மேடைகளில் நான் கேட்டதில்லை.

அப்படியாயின் நேப்பியர் செய்தது என்ன? அஸ்-ஸமவ்அலின் அட்டவணையில் அடுக்குகள் மட்டுமே உண்டு. இரண்டின் அடுக்குகளில் 4 இருக்கின்றது, 8 இருக்கின்றது. 5ம் 6ம் 7ம் இல்லை. சந்தைக் கணக்கிலும் வானியல் கணக்கிலும் வருவனவோ பெரும்பாலும் இந்த இடைவெளி எண்கள்தாம். இடைவெளியை நிரப்பி, எந்த எண்ணுக்கும் கீழ் வரிசையில் ஓர் எண் கிடைக்கச் செய்ததே நேப்பியரின் சாதனை. அதற்கு அவருக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன. நூல் 1614இல் எடின்பரோவில் வெளிவந்தது. சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த பியூர்கி என்பவரும் தனித்தே இதுபோன்ற அட்டவணையைக் கணித்து 1620இல் வெளியிட்டார்.

நேப்பியரின் முதல் அட்டவணை நாம் அறிந்த வடிவில் இருக்கவில்லை. அதில் ஒன்றின் மடக்கை பூச்சியமல்ல. ஆதலால் கூட்டல் விதிக்கு ஒரு திருத்தம் தேவைப்பட்டது. இலண்டனில் கணிதம் போதித்த ஹென்றி பிரிக்ஸ், நூலைக் கண்டு வியந்து 1615இல் எடின்பரோ வரை பயணம் செய்தார். ஒன்றின் மடக்கை பூச்சியம், பத்தின் மடக்கை ஒன்று என இருவரும் பேசி உடன்பட்டனர். 1617இல் நேப்பியர் காலமானார். பிரிக்ஸ் தொடர்ந்து கணித்து, 1624இல் 30,000 எண்களின் மடக்கைகளைப் பதினான்கு தசம தானங்களுக்கு வெளியிட்டார். பள்ளிக்கூடத்தில் நாங்கள் புரட்டிய சிறிய மடக்கைப் புத்தகத்தின் மூதாதை அதுவே. 2இன் மடக்கை 0.3010, 3இன் மடக்கை 0.4771, கூட்டினால் 0.7781. கடைசித் தானத்துச் சிறு வித்தியாசத்தை விட்டால் அதுதான் 6இன் மடக்கை. முதன்முதலில் இதை நானே பார்த்துச் சரிபிழை தேடிய நாளில் அடைந்த மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கின்றது.

ஆக, விடை இது: விதியை அறிந்தோருள் எம்மவரும் இருந்தனர், கருவியைச் செய்தவர் நேப்பியர், அதைக் கைக்கு அடக்கமாக்கியவர் பிரிக்ஸ். இதைச் சொல்வதால் எமது மரபுக்கு எந்தக் குறையும் வந்துவிடாது. பொய்யான ஒன்றைச் சொல்லி உண்மையான ஒன்றை மறந்துவிடுவதுதான் குறை.

இவ்வளவும் பழங்கதை, கல்குலேட்டரும் கைத்தொலைபேசியும் வந்த பின் மடக்கை எதற்கு என்று கேட்போர் உண்டு. எங்கள் கரையில் வாழ்பவர் அப்படிக் கேட்கக் கூடாது.

1935இல் கலிபோர்னியாவில் சார்ள்ஸ் ரிச்டர் பூமியதிர்ச்சிகளை அளக்க ஓர் அளவுகோல் அமைத்தார். நில அதிர்வின் வீச்சு மிகச் சிறியதிலிருந்து மிகப் பெரியது வரை கோடிக்கணக்கான மடங்கு வேறுபடுவதால், அவர் வீச்சை அப்படியே தராமல் அதன் மடக்கையைத் தந்தார். பின்னர் வந்த அளவுகோல்களும் அவ்வாறே அமைந்தன. பத்திரிகையில் நாம் வாசிக்கும் 7, 8, 9 எல்லாம் கீழ் வரிசை எண்கள். ஒன்று கூடினால் வீச்சு பத்து மடங்கு. வெளிப்படும் சக்தி ஏறத்தாழ 32 மடங்கு.

2004 டிசம்பர் 26, போயா தினம், ஞாயிற்றுக்கிழமை. சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் பிளந்தபோது இலங்கையில் காலை 6.58. கால் மணித்தியாலத்தில் பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையத்தின் முதல் அறிவித்தல் 8.0 என்றது. ஒரு மணித்தியாலத்தின் பின் வந்த இரண்டாவது அறிவித்தல் 8.5 என்றது. அமெரிக்கப் புவியியல் அளவை நிறுவனம் இன்று பதிவுசெய்திருக்கும் அளவு 9.1.

8.0க்கும் 9.1க்கும் இடையில் 1.1தான். சக்திக்கு அதை ஒன்றரையால் பெருக்க வேண்டும்: 1.65. அந்த மடக்கைக்குரிய எண்ணைப் புத்தகத்தில் தேடினால் 44.67. அதாவது முதல் கணிப்பைவிட ஏறத்தாழ 45 மடங்கு. படிப்படியாகவும் பார்க்கலாம். 8.0இலிருந்து 8.5க்கு 5.6 மடங்கு, 8.5இலிருந்து 9.1க்கு 7.9 மடங்கு. இவ்விரண்டையும் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். அப்போதும் அதே விடைதான் வரும்.

அந்த நிலையத்தாரைக் குறை கூற இதை எழுதவில்லை. மிகப் பெரிய அதிர்ச்சிகளில் முதலில் வந்துசேரும் அலைகள் முழு அளவையும் காட்டுவதில்லை. இந்து சமுத்திரத்துக்கென அன்று எச்சரிக்கை அமைப்பும் இருக்கவில்லை. எண் சரியாகவே கிடைத்திருந்தாலும் அது எங்கள் கரைக்கு வந்துசேர வழியிருக்கவில்லை. சுமார் இரண்டு மணித்தியாலத்தில் கடல் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மௌத்தானார்கள். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் குடும்பம் குடும்பமாகப் போயினர்.

2012 ஏப்ரல் 11 பிற்பகல், மீண்டும் சுமாத்திராப் பக்கம் 8.6. எச்சரிக்கை வந்தது, நாங்கள் எல்லாரும் மேற்கே வயற்பக்கம் ஓடினோம். வரம்பில் பேரப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற ஒரு மூத்தவர் என்னிடம், "அண்டைக்கு ஒம்பது, இண்டைக்கு எட்டரை. அரைதானே குறைவு மாஸ்டர்" என்றார். நடுக்கத்தோடு சொன்னார். அந்த அரைக்குள் ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தது. தட்டுக்கள் பக்கவாட்டில் வழுக்கியமையால் கடல் பெரிதாக எழவுமில்லை. ஆயினும் அன்று ஓடியது சரியே. 8.6ம் சிறியதல்ல. அதைவிடச் சிறிய எண்ணும், முதல் அறிவித்தலில் வந்ததாயின், பின்னர் ஏறக்கூடும் என்பதை 2004 காட்டியிருக்கின்றது.

அடுத்த தடவை "எட்டுத்தானே" என்று யாரேனும் வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. என் பயம் அதுதான். அந்தப் பிள்ளைக்கு நேப்பியரின் பெயரையும் அஸ்-ஸமவ்அலின் பெயரையும் ஒருங்கே சொல்லிக் கொடுத்தேன். பின்னர் 8.0, 8.5, 9.1 என்ற மூன்று எண்களையும் கரும்பலகையில் எழுதி, இடையிலுள்ள மடங்குகளை மடக்கைப் புத்தகத்தைப் பார்த்துக் கணித்து வரச் சொன்னேன். மறுநாள் கொப்பியில் 44.67 என்ற விடையோடு வந்தாள். அதை வீட்டில் உம்மாவுக்கும் விளங்கப்படுத்தினேன் என்றாள்.