கப்பல் பீரங்கி ரயில் ஏறிய கதை

முதல் உலகப் போர் என்றால் பதுங்குகுழியும் சேறும்தான் நினைவுக்கு வரும். அதில் ரயிலுக்கும் ஒரு பங்கு உண்டு. ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு ரயில் சொந்தக்காரன் மாதிரி அல்லவா, அதனால்தான் இந்தப் பதிவு.

1914-ல் பிரான்ஸின் பெருமையெல்லாம் 75 மி.மீ. பீரங்கிதான். வேகமாகச் சுடும், குதிரைகளே இழுத்துக்கொண்டு போகும். பாய்ந்து தாக்கிச் சீக்கிரம் முடிக்கும் போருக்கு அது போதும் என்று மேலே இருந்தவர்கள் கணக்குப் போட்டார்கள். சில மாதங்களில் இரண்டு தரப்பும் மண்ணைத் தோண்டி உட்கார்ந்துவிட்டன. மண்ணுக்கு அடியில் இருப்பவனை 75 என்ன செய்யும்? புதிய கனரகப் பீரங்கி செய்யவோ அவகாசம் இல்லை.

கடற்படையிடமும் கடலோரக் கோட்டைகளிலும் பெரிய குழல்கள் சும்மா கிடந்தன. சில 1870-ஆம் வருட மாடல். எங்கள் வங்கி பாஷையில், தேய்மானம் முழுவதும் கழித்துவிட்ட சொத்து! கட்டி முடிக்காமல் நிறுத்திய நார்மண்டி வகைப் போர்க்கப்பல்களின் 340 மி.மீ. குழல்கள் சிலவும் பிறகு சேர்ந்தன.

இந்த எடையைச் சாலை தாங்காது, தண்டவாளம் தாங்கும். ஆனால் ஷ்னைடர் கம்பெனியின் பல வண்டிகளில் குழலைப் பக்கவாட்டில் திருப்பவே முடியாது. அதற்காக வளைவாக ஒரு கிளைப்பாதை போட்டார்கள். வண்டியை அதில் முன்னும் பின்னும் நகர்த்தினால் குழல் பார்க்கும் திசை மாறும். ஊருக்குப் போகும்போது வளைவில் ஜன்னல் வழியே நம் எஞ்சினே தெரியுமே, அதே சூட்சுமம்தான்.

சரி, சுடும்போது வரும் உதைப்பு? வண்டிக்கு அடியில் இருந்த மரக்கட்டைகளை ஜாக்கி போட்டு இறக்கி, தண்டவாளத்தோடு பதித்த உத்திரங்கள்மேல் அழுத்தினார்கள். சுட்டதும் வண்டி மொத்தமும் சுமார் 1 மீட்டர் பின்னால் சறுக்கி, உராய்விலேயே நின்றுவிடும். பிறகு கட்டைகளைத் தூக்கி, வண்டியைப் பழைய இடத்துக்கு நகர்த்தி, அடுத்த குண்டு. முரட்டு வேலைதான். எனக்கென்னவோ இதுதான் இந்தக் கதையிலேயே கெட்டிக்காரத்தனமான இடம்.

சேன்-ஷாமோன் கம்பெனி 340 மி.மீ. குழலைக் கடைந்து 400 மி.மீ. ஆக்கியது, அதன் வண்டி வேறு வகை. வெர்டனில் டூமோன் கோட்டையை பிரான்ஸ் 1916 பிப்ரவரியில் ஏறக்குறைய சண்டையே இல்லாமல் இழந்திருந்தது. அக்டோபர் 23 அன்று 400 மி.மீ. குண்டுகள் அதன் கான்கிரீட்டைத் துளைத்தன. கட்டியவனே துளைக்க வேண்டிய நிலை. உள்ளே தீப்பிடித்து, ஜெர்மானியர்களில் பெரும்பாலோர் வெளியேறினார்கள். மறுநாள் கோட்டை பிரான்ஸ் கையில்.

இந்த பீரங்கிகளில் பல 1939-லும் பட்டியலில் இருந்தன. 1940-ல் பிரான்ஸ் விழுந்ததும் ஜெர்மானியர்கள் அவற்றை எடுத்துக்கொண்டார்கள். 400 மி.மீ. பீரங்கிகள் சில லெனின்கிராட் முற்றுகைக்குப் போய்ச் சேர்ந்தன.