எந்த ஆண்டின் விளக்கு? பழைய சிக்னலும் மீட்டமைப்பின் சிக்கலும்

அமெரிக்காவில் தெருச்சந்திப்புகளிலிருந்து இறக்கப்பட்ட பழைய போக்குவரத்து விளக்குகளை வாங்கிச் சீரமைப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் பலர் உள்ளனர். வார்ப்பு அலுமினியத்தால் ஆன கனத்த பெட்டி, நான்கு திசைக்கும் மும்மூன்று கண்ணாடி வில்லைகள், துணி போர்த்திய மின்கம்பிகள், துருவேறிய கீல்கள் என வீட்டுக் கொட்டகைக்கு வந்துசேரும் இப்பொருளைக் கழற்றித் துடைத்து மீண்டும் எரியச் செய்வதே அவர்தம் வேலை. பார்வைக்கு இது கைத்திறன் சார்ந்த பணி. ஆயினும் முதல் மரையாணியைக் கழற்றும்போதே வரலாற்றாய்வின் அடிப்படைக் கேள்வி ஒன்று எழுந்துவிடுகிறது. இவ்விளக்கை எந்த ஆண்டின் நிலைக்கு மீட்பது?

1930களில் தொங்கவிடப்பட்ட ஒரு விளக்கு நாற்பது ஐம்பது ஆண்டுகள் தெருவில் இருந்திருக்கலாம். அதற்குள் அதன் வண்ணம் மாறியிருக்கும், உடைந்த வில்லைக்கு வேறொரு நிறுவனத்தின் வில்லை பொருத்தப்பட்டிருக்கும், மின்கம்பிகள் புதுப்பிக்கப்பட்டிருக்கும். ஆலையிலிருந்து வெளிவந்த நாளின் தோற்றத்தை மீட்க வேண்டுமெனில் இவை அனைத்தையும் அழிக்க வேண்டும். அழிக்கப்படுபவையோ அவ்விளக்கு உழைத்த காலத்தின் சான்றுகள்.

முதலில் வண்ணத்தைக் கருதலாம். பல நகரங்களில் தொடக்ககாலப் பெட்டிகள் கரும்பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தன. தொலைவிலிருந்தே கண்ணில் படவேண்டும் என்ற நோக்கில் அவற்றின்மேல் பிற்காலத்தில் மஞ்சள் பூசப்பட்டது. ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த இவ்வடுக்குகள் நகராட்சிகளின் முடிவுகளைக் காலவரிசையில் காட்டும் பதிவுகள் ஆகும். பழைய வண்ணத்தில் ஈயம் கலந்திருப்பதால் அதை அப்படியே விட்டுவைப்பதும் தீங்கு, உலர்நிலையில் சுரண்டுவதும் தீங்கு. எனவே பெரும்பாலோர் இரசாயனக் கரைப்பானால் முழுவதையும் நீக்கிவிடுகின்றனர். கவனமுள்ள சிலர் மட்டும், கண்ணில் படாத உட்புறத்தில் ஓர் அங்குல அளவேனும் பழைய அடுக்கை மூடிப் பாதுகாத்து விட்டுவைக்கின்றனர்.

வில்லைகளின் வரலாறு இன்னும் நீண்டது. சிவப்பும் பச்சையும் தெருவுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நிறங்கள் அல்ல; அவை இருப்புப்பாதையிலிருந்து வந்தவை. 1868 டிசம்பரில் இலண்டன் நாடாளுமன்றத்தின் அருகே நிறுவப்பட்ட முதல் சாலைச் சைகைக் கம்பத்தை முன்மொழிந்த ஜான் பீக் நைட் இரயில்வேத் துறையினர். பகலில் கைகாட்டி மரமும் இரவில் சிவப்பு, பச்சை எரிவாயு விளக்குகளும் கொண்ட அக்கம்பம் 1869 சனவரியில் எரிவாயுக் கசிவால் வெடித்துக் காவலர் ஒருவரைக் காயப்படுத்தியது. அக்காலத்து இரயில்வே வழக்கில் சிவப்பு அபாயத்தையும், பச்சை எச்சரிக்கையையும், வெள்ளை ‘செல்க’ என்பதையும் குறித்தன. பச்சை ‘செல்க’ என்னும் பொருளைப் பெற்றது பின்னரே. சிவப்புக் கண்ணாடி உடைந்து விழுந்தால் எஞ்சும் ஒளி வெள்ளையே. வீட்டு விளக்கும் வெள்ளையே. எனவே ‘செல்க’ என்னும் குறிக்கு வெள்ளை ஆபத்தான நிறமாயிற்று. வெள்ளை விலக்கப்பட, பச்சை அதன் இடத்துக்கு நகர்ந்தது. எச்சரிக்கைக்கு மஞ்சள் வந்து சேர்ந்தது. ஒரு சொல்லின் பொருள் பெயர, அருகிலுள்ள சொற்களின் பொருள்களும் பெயர்வதை மொழியியல் மாணவர் அறிவர். இங்கு நிகழ்ந்ததும் அத்தகையதே.

நிறங்களின் வரிசையும் இன்று தோன்றுவதுபோல் இயல்பானதன்று. சிகாகோவின் டார்லி நிறுவனம் சிறுநகரங்களுக்காகச் செய்த மலிவான நான்முக விளக்கொன்று இதற்குச் சான்று. அதில் ஒவ்வோர் அடுக்கிலும் ஒரே மின்குமிழ்தான். அதுவே நான்கு முகங்களுக்கும் ஒளி தரும். ஒரு தெருவினர் சிவப்பைக் காணும்போது குறுக்குத் தெருவினர் பச்சையைக் காண வேண்டும் அல்லவா? ஆகவே ஒரு தெருவில் சிவப்பு மேலே இருந்தால் மற்றதில் பச்சை மேலே இருந்தது. பன்னிரண்டு குமிழ்களுக்குப் பதில் மூன்றே போதுமானவையாயின. இழப்பு எவருக்கெனில், சிவப்பையும் பச்சையையும் நிறத்தால் பிரித்தறிய இயலாதவர்க்கு. அவர்கள் இடத்தை வைத்தே குறியைப் படிப்பவர்கள். 1935இல் வெளிவந்த நாடு தழுவிய போக்குவரத்துக் கருவிகள் கையேடு போன்ற தரநெறிகள் வழியாகச் சிவப்பு மேலே என்னும் வரிசை நிலைபெற்றது. நியூயார்க் மாநிலத்துச் சிரக்யூஸ் நகரின் டிப்பரரி ஹில் பகுதி மட்டும் இதற்கு விலக்காக நின்றது. பிரித்தானியச் சிவப்பு அயர்லாந்துப் பச்சைக்கு மேல் இருப்பதைப் பொறாத ஐரிஷ் குடியேறிகளின் இளைஞர்கள் 1920களில் அவ்விளக்கைக் கல்லெறிந்து உடைத்தபடி இருந்தனர். இறுதியில் நகரம் பணிந்தது. அங்கே இன்றும் பச்சையே மேலே எரிகிறது. சிக்னல் தயாரிப்பில் பெயர்பெற்ற கிரவுஸ்-ஹைண்ட்ஸ் நிறுவனமும் அதே சிரக்யூஸ் நகரைச் சேர்ந்ததே.

டார்லி விளக்கைச் சீரமைப்பவர் முன் இப்போது ஒரு தேர்வு நிற்கிறது. ஒவ்வொரு முகத்துக்கும் தனிக் குமிழ் அமைத்து, எங்கும் சிவப்பை மேலே வைத்தால் பொருள் ‘சரியாக’ இருக்கும்; ஆனால் அது ஏன் அவ்வாறு செய்யப்பட்டது என்பது மறைந்துபோகும். பிழை எனத் தோன்றுவதே இங்கு வரலாற்றுத் தரவு. ஏட்டுச்சுவடியில் கண்ட வழக்குமாறிய வடிவத்தைத் திருத்திப் பதிப்பித்துவிட்டு மூலத்தை எறிந்துவிடும் பதிப்பாசிரியரின் நிலைக்கு இது ஒப்பாகும்.

சில பழைய சிவப்பு வில்லைகளில் ‘ஸ்டாப்’ என்னும் சொல் பொறிக்கப்பட்டிருக்கும். நிறம் மட்டுமே ஆணையிடப் போதுமானது என்ற நம்பிக்கை இன்னும் உறுதிப்படாத காலத்தின் எச்சம் அது. மக்கள் நிறத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டபின் சொல் தேவையற்றதாயிற்று. பின்வந்த தரநெறிகள் அதை விலக்கின. இவ்வெழுத்து வில்லைகளைச் சேகரிப்பாளர் பெரிதும் விரும்புகின்றனர். அவ்விருப்பத்தால், தொடக்கத்தில் எழுத்தே இல்லாத விளக்கிலும் இவை பொருத்தப்படுவதுண்டு. பழமையாகத் தோன்ற வேண்டும் என்னும் ஆசை அங்கே பழமையையே பொய்யாக்குகிறது.

பெட்டியைவிட அரிதாகவே காப்பாற்றப்படுவது அதன் கட்டுப்பாட்டுக் கருவி. 1914 ஆகஸ்ட் 5 அன்று கிளீவ்லாந்தின் யூக்ளிட் அவென்யூவில் இயங்கத் தொடங்கிய மின்விளக்கை அருகிலிருந்த கூண்டில் அமர்ந்த ஒருவர் விசையால் மாற்றினார். சிவப்பும் பச்சையும் மட்டுமே கொண்டிருந்த அவ்விளக்கு, மாறுவதற்கு முன் மணியொலியால் எச்சரித்தது. 1920இல் டெட்ராய்ட் காவல் அதிகாரி வில்லியம் பாட்ஸ் நாற்புறமும் மூன்று நிறம் காட்டும் விளக்கை அமைத்தார். பின்னர் வந்த தானியங்கிப் பெட்டிகளில் ஒரு மின்மோட்டார் பல்சக்கரங்களைச் சுழற்ற, சக்கரத்தின் மேடுகள் மின்தொடுப்புகளைத் தள்ளி நிறங்களை மாற்றின. காவலரின் கைக்கு உரியதாயிருந்த அதிகாரம் இச்சக்கரத்துக்கு மாறியது. யாருமற்ற நள்ளிரவிலும் ஓட்டுநர் சிவப்புக்கு நிற்பது இப்பெயர்ச்சியின் விளைவே. விளக்கை மட்டும் வைத்துக்கொண்டு கருவியைப் பழைய இரும்புக் கடையில் போடும்போது, ஆணையின் முகம் எஞ்சுகிறது. ஆணையிட்டது எது என்பது தெரியாமல் போகிறது.

இத்துறையில் பரவியுள்ள ஒரு தவறான செய்தியையும் பொருளே திருத்துகிறது. மூன்று நிற மின்விளக்கைக் கண்டுபிடித்தவர் கறுப்பினக் கண்டுபிடிப்பாளர் காரெட் மார்கன் எனப் பல பாடநூல்கள் எழுதுகின்றன. 1923 நவம்பரில் அவர் பெற்ற காப்புரிமை, கையால் இயக்கப்படும் கைகாட்டிக் கம்பம் ஒன்றுக்கானது. எல்லாத் திசையினரையும் ஒருசேர நிறுத்தும் இடைநிலை அதன் சிறப்பு. அவர் செய்ததைச் செய்தபடியே சொல்வதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை. முதன்மை என்னும் பட்டத்தைச் சூட்டும் ஆர்வத்தில் அவருடைய உண்மையான பங்களிப்பு கவனிக்கப்படாமல் போய்விட்டது.

கடைசியாக மின்குமிழ். எல்இடி விளக்குகள் மின்செலவைப் பெருமளவு குறைத்தன. 2005ஆம் ஆண்டின் அமெரிக்க எரிசக்திச் சட்டம் 2006 முதல் உற்பத்தியாகும் சிக்னல்களுக்கு மின்சிக்கன வரம்பை விதித்தபின் இழைக்குமிழ் தெருவிலிருந்து விடைபெற்றது. பழைய பச்சை வில்லையைப் பகலில் கையில் எடுத்துப் பார்ப்பவர் அது நீலம் கலந்திருப்பதைக் காண்பார். இழைக்குமிழின் ஒளி மஞ்சள் சாயல் உடையது; அது நீலங்கலந்த கண்ணாடியைக் கடந்தே பச்சையாக வெளிவரும். அதே வில்லைக்குப் பின் வெண்ணிற எல்இடி பொருத்தினால் பச்சை நீலமாகிவிடும். கண்ணாடியும் குமிழும் சேர்ந்தே ஒரு நிறத்தை உண்டாக்கின என்பதை ஒன்றை மாற்றிப் பார்க்கும்வரை எவரும் உணர்வதில்லை.

உடைமை பற்றிய கேள்வியும் உண்டு. நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூ விளக்குகளின் உச்சியை 1931 முதல் மெர்குரி தேவனின் வெண்கலச் சிற்றுருவங்கள் அணிசெய்தன. 1960களில் அவ்விளக்குகள் மாற்றப்பட்டபோது அவ்வுருவங்களுள் பெரும்பாலானவை காணாமற்போயின. பொதுமக்களின் பணத்தில் செய்யப்பட்டு அனைவரையும் சமமாக நிறுத்திய ஒரு பொருள் தனியார் கூடத்தின் அணியாவது எளிய செய்தியன்று. ஆயினும், சேகரிப்பாளர் வாங்காதிருந்தால் எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை உருக்காலைக்கே சென்றிருக்கும் என்பதும் மறுக்க இயலாதது. அருங்காட்சியகங்கள் முதலாவதையும் அரியதையும் தேடுகின்றன. ஆயிரக்கணக்கில் செய்யப்பட்ட சாதாரண விளக்கைக் காத்தவர்கள் இப்பொழுதுபோக்கினரே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேவாலயங்களைப் பற்றி எழுந்த விவாதமே இக்கொட்டகைகளில் மீண்டும் நிகழ்கிறது. மீட்டமைப்பு என்பது கட்டடத்தின் முழு அழிவே என 1849இல் ரஸ்கின் வாதிட்டார். எக்காலத்திலும் இருந்திராத முழுமையைக்கூடக் கட்டடத்துக்குத் தரலாம் என வியோலே-லெ-டியூக் கருதினார். விளக்கைச் சீரமைப்பவர் இவ்விரண்டுள் ஒன்றைத் தேர வேண்டியதில்லை. கழற்றும் முன் ஒவ்வொரு நிலையையும் படமெடுத்தல், நீக்கிய உறுப்புகளை எறியாமல் பெயரிட்டு வைத்தல், எந்தச் சந்திப்பில் எந்த ஆண்டுவரை நின்றது என்பதை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் ஒட்டுதல் ஆகிய மூன்றும் ஒரு மாலைப்பொழுதில் முடிபவை. இவை செய்யப்பட்ட விளக்கு நாளை ஓர் ஆய்வாளருக்கு ஆவணமாகும். செய்யப்படாதது எவ்வளவு பளபளப்பாக இருப்பினும், மூன்று நிறம் காட்டும் வீட்டு விளக்காக மட்டுமே எஞ்சும்.