ஊமைப் படங்கள் எங்கே போயின?

1896-ஆம் வருஷம் ஜூலை மாதம் 7-ஆம் தேதி பம்பாய் வாட்ஸன் ஹோட்டலில் ஒரு வேடிக்கை நடந்தது. பிரான்ஸ் தேசத்து லூமியேர் சகோதரர்களின் ஆள் ஒருவர் கப்பலில் வந்து இறங்கி, தலைக்கு ஒரு ரூபாய் கட்டணம் வாங்கிக்கொண்டு, வெள்ளைத் திரையில் நடமாடும் படங்களைக் காட்டினார். ஒரு படத்தில் ரயில் வந்து நின்றது. இன்னொன்றில் தொழிற்சாலையிலிருந்து ஜனங்கள் வெளியே வந்தார்கள். இது நடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. செப்டம்பர் 1-ஆம் தேதி நிஜ ரயில் ஒன்று திருவண்ணாமலை ஸ்டேஷனில் வந்து நின்றது. அதிலிருந்து மதுரையில் படித்துக்கொண்டிருந்த பதினாறு வயதுப் பையன் ஒருவன் இறங்கி, நேரே அருணாசலேசுவரர் கோயிலுக்குப் போனான். வேங்கடராமன் என்ற அந்தப் பையனைத்தான் பிற்பாடு உலகம் ரமண மகரிஷி என்று அறிந்தது.

இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். அன்றைக்கு ஒன்றும் இல்லை. ஆனால் சினிமாத் திரையை உவமையாகச் சொல்வது ரமணருக்கு மிகவும் பிடிக்கும். படத்தில் தீப்பற்றினால் திரை எரிவதில்லை, வெள்ளம் வந்தால் திரை நனைவதில்லை என்பார். அது மட்டுமல்ல. அவரையே சிலர் படம் பிடித்தும் வைத்தார்கள். அந்தச் சுருள்களில் ஒலி கிடையாது. அவற்றைச் சுத்தம் செய்து குறுந்தகட்டில் பதித்து ஆசிரமத்துப் புத்தகக் கடையில் விற்றார்கள். மலையடிவாரத்தில் ஒருவர் கைத்தடியுடன் மெதுவாக நடந்து வருகிறார். எதிரே நிற்பவர்களைப் பார்க்கிறார். ஒரு வார்த்தை பேசவில்லை. மௌனத்துக்குப் பெயர் போன ஒருவரை ஊமைப் படத்தில் பார்க்க நேர்ந்தது, யாரும் திட்டமிட்டுச் செய்யாத ஒரு பொருத்தம்.

அதே ஊரில், சில வருஷங்களுக்கு முன்பு, பௌர்ணமி கிரிவலத்தின்போது, நடைபாதைக் கடையில் நான் வேறொரு தகடு வாங்கினேன். பக்திப் பாடல்களுக்கும் எம்.ஜி.ஆர். படங்களுக்கும் நடுவே சார்லி சாப்ளினும் பஸ்டர் கீட்டனும் செருகிக் கிடந்தார்கள். கடைக்காரரிடம் இவர் யார் என்று கீட்டனைக் காட்டிக் கேட்டேன். “அவரும் சாப்ளின்தான் சார், மீசை இல்லாத சாப்ளின்” என்றார். முப்பது ரூபாய்க்கு அந்த விளக்கமும் சேர்த்தி.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். அதில் ‘படகு’ என்று ஒரு படம் இருந்தது. 1921-இல் வந்தது, இருபது நிமிஷத்துக்குச் சற்று மேல் ஓடும். படகு கட்டுவது எப்படி, தண்ணீரில் இறக்குவது எப்படி என்று சொல்லிக் கொடுக்கும் படங்களும் தகடுகளில் வந்ததுண்டு. அவை அத்தனையும் சேர்ந்து கற்பிக்க முடியாததை இந்த ஒரு படம் கற்பித்துவிடும். கதாநாயகன் தன் வீட்டு நிலவறைக்குள்ளேயே படகைக் கட்டி முடிக்கிறான். வாசலை விடப் படகு பெரிதாக இருக்கிறது. காரில் கட்டி இழுக்கிறான். படகு வெளியே வருகிறது, வீடு விழுகிறது. பிறகு கார் தண்ணீரில் போகிறது. கடைசியில் படகையும் ஜம்பமாகத் தண்ணீரில் இறக்குகிறார்கள். அது வழுக்கிக்கொண்டு போய், நேராக, எந்த அவசரமும் இல்லாமல், மூழ்குகிறது. கீட்டன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பிற்பாடு படகில் ஓட்டை விழும்போது, மனைவி சுட்ட, கடிக்க முடியாத அப்பத்தை வைத்து ஆணியடித்து அடைக்கிறான்! நம் திருவண்ணாமலை அய்யங்குளத்தில் கார்த்திகைத் தீபத்துக்குப் பிறகு தெப்பம் விடுகிறார்களே, அவர்கள் குளக்கரையில்தான் தெப்பத்தைக் கட்டுகிறார்கள். கீட்டன் ஒரு முறை வந்து பார்த்திருந்தால் வீடு தப்பியிருக்கும், படம் போயிருக்கும்.

அந்தத் தகட்டில் ஒரு குறை. மனிதர்கள் எல்லாரும் தத்தித் தத்தி ஓடினார்கள். நம்மில் பலர் அந்தக் காலத்துப் படமே அப்படித்தான் என்று நினைக்கிறோம். உண்மை அதுவல்ல. ஊமைப் பட காலத்தில் காமிராவைக் கையால் சுற்றினார்கள். ஒரு விநாடிக்குப் பதினாறு, பதினெட்டு படங்கள் என்று சுமாராக ஓடும். பேசும் படம் வந்த பிறகு ஒலிக்காக வேகம் இருபத்து நாலு என்று நிலைப்பட்டது. பழைய சுருளைப் புதிய வேகத்தில் ஓட்டினால் ராஜாவும் ஓடுவார், சவ ஊர்வலமும் ஓடும். ஹாஸ்ய நடிகர்கள் வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றி, திரையில் வேகம் காட்டியதும் உண்டு என்பது வேறு விஷயம். எது கலை, எது தகடு பதித்தவனின் கவனக் குறைவு என்று கண்டுபிடிப்பதற்கே தனிப் பயிற்சி வேண்டும்.

போகட்டும். என்னை யோசிக்க வைத்தது வேறு. அமெரிக்காவில் நூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவன் படகோடு முழுகியது திருவண்ணாமலை நடைபாதையில் முப்பது ரூபாய்க்குக் கிடைத்தது. திருவண்ணாமலை வட ஆற்காடு ஜில்லாவில் இருந்த காலத்தில் (1989-இல்தான் தனி மாவட்டமாயிற்று) அந்த ஜில்லாவின் தலைநகரம் வேலூர். வேலூர்க்காரர் ஒருவர்தான் தமிழ்நாட்டின் முதல் கதைப் படத்தை எடுத்தார். அந்தப் படம் முப்பது லட்சம் கொடுத்தாலும் கிடைக்காது. ஏன்?

அந்த வேலூர்க்காரர் ஆர். நடராஜ முதலியார். சென்னையில் மோட்டார் உதிரி பாகங்கள் வியாபாரம் செய்துகொண்டிருந்தவர். பூனாவுக்குப் போய், வெள்ளைக்காரப் படப்பிடிப்பாளர் ஒருவரிடம் காமிராவைச் சுற்றக் கற்றுக்கொண்டு வந்தார். புரசைவாக்கம் மில்லர்ஸ் ரோட்டில் ஒரு பங்களாவை ஸ்டூடியோவாக மாற்றி, 1917-ஐ ஒட்டி ‘கீசக வதம்’ எடுத்தார். மின்சார விளக்கு வசதியில்லாத நாள். மேலே வெள்ளைத் துணி கட்டி, சூரியனையே விளக்காக வைத்துக்கொண்டார்கள். சுகுண விலாச சபை நடிகரும் வக்கீலுமான ரங்கவடிவேலு நடிகர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். வசனத்துக்குப் பதில் எழுத்து அட்டைகள் தமிழிலும் இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் தயாராயின. செலவு 35,000 ரூபாய் என்று சொல்வார்கள். போட்ட பணத்துக்கு மேல் லாபமும் வந்தது. அதன் பிறகு ‘திரௌபதி வஸ்திராபஹரணம்’ முதலிய புராணப் படங்கள். பிறகு ஸ்டூடியோவில் தீ. மகன் மரணம். 1923-ஐ ஒட்டி மனிதர் படத்தொழிலை அடியோடு விட்டுவிட்டார்.

விட்டாரே தவிர, நெடுங்காலம் உயிரோடு இருந்தார். 1970-களின் தொடக்கம் வரை இருந்தார். 1964-இல் மத்திய சர்க்கார் பூனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைத் தொடங்கியபோது, தமிழ்நாட்டின் முதல் படத்தை எடுத்தவர் சென்னையில் இருந்தார். படம்தான் இல்லை! ஆள் இருந்து படைப்பு முன்னால் போய்விட்டது. நாவல் எழுதுகிற எனக்கு இதை நினைத்தால் வயிற்றில் ஏதோ செய்கிறது. என் முதல் புத்தகத்தின் கடைசிப் பிரதியைச் செல் அரித்தால்கூட, எங்கேயாவது ஒரு கிராமத்து நூலகத்தில் இன்னொன்று இருக்கும் என்ற தைரியம் எனக்கு உண்டு. முதலியாருக்கு அது இல்லை.

சென்னை ராஜதானியில் ஊமைப் படங்கள் நூற்றுக்கு மேல் தயாராயின. ரகுபதி வெங்கையாவும் அவர் மகன் பிரகாஷும் எடுத்தார்கள். 1929-இல் ஏ. நாராயணன் ஜெனரல் பிக்சர்ஸ் கார்ப்பரேஷன் ஆரம்பித்து வரிசையாக எடுத்தார். புதுக்கோட்டை ராஜா சாண்டோ புஜ பலம் காட்டினார். இந்தியா முழுவதிலும் ஏறக்குறைய 1,300 ஊமைப் படங்கள் என்று கணக்கு. அவற்றில் மிஞ்சியவை, துண்டு துணுக்குகளையும் சேர்த்து, முப்பதுக்குள்தான்.

இதற்குக் காரணம் சுருளிலேயே இருந்தது. அந்தக் காலத்துப் படச்சுருள் நைட்ரேட் என்ற ரசாயனத்தால் ஆனது. வெடிமருந்துக்குப் பக்கத்து உறவு. தீப்பிடித்தால் தண்ணீரில் போட்டாலும் அணையாது. தீப்பிடிக்காவிட்டால், நம் ஊர் உஷ்ணத்தில் தானாகவே பிசுபிசுத்துக் கடைசியில் பொடியாகும். இரண்டாவது காரணம் அதில் இருந்த வெள்ளி. 1931 அக்டோபர் 31-இல் ‘காளிதாஸ்’ பேச ஆரம்பித்ததும் ஊமைப் படத்தை யாரும் சீந்தவில்லை. சீந்தாத சுருளைக் கழுவினால் வெள்ளி வரும். காப்பகத்தைக் கட்டி வளர்த்த பி.கே. நாயர், இந்தியாவின் முதல் பேசும் படமான ‘ஆலம் ஆரா’வைத் தேடி அர்தேஷிர் இரானியிடம் போனார். கிழவர், சில சுருள்கள் இங்கேதான் எங்கோ கிடக்கும் என்றார். மகன் நாயரைத் தனியே அழைத்து, வெள்ளியை எடுத்துக்கொண்டு தானே அவற்றைத் தொலைத்துவிட்டதாகச் சொன்னார். தகப்பனாருக்கு அது கடைசி வரை தெரியாது போலும்.

மூன்றாவது காரணம் நம் வியாபார முறை. ஒரு படத்துக்குச் சில பிரதிகள்தான் போடுவார்கள். அவை கூடாரம் கூடாரமாக அலையும். கூடார சினிமாவின் கதை தனிக் கதை. 1905-இல் திருச்சி ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், துபோன் என்ற பிரெஞ்சுக்காரரிடம் கருவியையும் படங்களையும் வாங்கிக்கொண்டு, வேலையை உதறிவிட்டு ஊர் ஊராகப் புறப்பட்டார். பிறகு கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டினார். அவர் வழியில் பலர் கிளம்பினார்கள். கூடாரத்தில் படம் ஓடும்போது ஒருவர் எழுந்து நின்று எழுத்து அட்டையை உரக்கப் படிப்பார், கதையும் சொல்வார். திரையில் நடப்பதை விட அவர் சொல்வது நன்றாக இருந்த சந்தர்ப்பங்களும் உண்டாம். இவ்வளவு அலைந்த பிரதி கடைசியில் கீறலும் ஒட்டுமாக எந்த மூலையில் விழுந்ததோ, யார் கண்டது?

அமெரிக்கர்கள் மட்டும் ஒழுங்காகக் காப்பாற்றினார்களா? அதுவும் இல்லை. 2013-இல் அவர்கள் தேசிய நூலகம் வெளியிட்ட அறிக்கைப்படி, அங்கே தயாரான ஊமைக் கதைப் படங்களில் சுமார் 70 சதவீதம் தொலைந்துவிட்டது. பெரிய பெரிய கண்ணீர்க் காவியங்கள் போய்விட்டன. ஆனால் சாப்ளினும் கீட்டனும் ஹெரால்டு லாய்டும் செய்த கோமாளித்தனங்களில் பெரும் பகுதி நிலைத்தது. இதுதான் எனக்கு வியப்பு.

சாப்ளின் 1914 பிப்ரவரியில் தொப்பியும் கைத்தடியுமாக முதல் தடவை திரைக்கு வந்தார். இரண்டே வருஷத்தில் வாரத்துக்குப் பத்தாயிரம் டாலர் சம்பளம். அந்தச் சிறு படங்களுக்கு உலகம் முழுவதும் கணக்கற்ற பிரதிகள் போயின. 1922, 1923-இல் வீட்டில் ஓட்டும் சிறு புரொஜெக்டர்கள் வந்தபோது, அவற்றுக்கான தீப்பிடிக்காத மெல்லிய சுருளில் முதலில் ஏறியவை இந்தச் சிரிப்புப் படங்கள்தான். பிள்ளைகளின் பிறந்த நாளுக்கு ஓட்டுவதற்குக் கண்ணீர்க் காவியத்தை யார் வாங்குவார்கள்? பணக்கார வீட்டு அலமாரிகளில், பள்ளிக்கூட மேஜைகளில், மாதா கோயில் கூடங்களில் அவை தங்கிவிட்டன. ஒரு பிரதி எரிந்தால் ஒன்பது பிரதி இருந்தது. எழுத்து அட்டை கிழிந்துபோனாலும் பாதகமில்லை. வாழைப் பழத் தோலில் வழுக்கி விழுகிறவனுக்கு மொழிபெயர்ப்பு எதற்கு?

சாப்ளின் தம் படங்களைத் தாமே சொந்தமாக வைத்துக்கொள்ளும் சாமர்த்தியசாலி. லாய்டும் அப்படியே. ஆனால் 1943-இல் அவர் வீட்டுச் சுருள் அறை தீப்பிடித்து, பல படங்கள் சாம்பலாயின. கீட்டனுக்குச் சொந்தமாக எதுவுமே மிஞ்சவில்லை. பணம் போயிற்று, மாளிகை போயிற்று, குடி வந்தது. அந்த மாளிகையைப் பிற்பாடு வாங்கிய நடிகர் ஜேம்ஸ் மேஸன், பூட்டிக் கிடந்த ஓர் அறையைத் திறந்தபோது, பழைய டப்பாக்களில் கீட்டன் படங்கள் இருந்தன! அவர் அவற்றைக் குப்பையில் கொட்டாமல் விசாரித்தார். கீட்டன் அப்போது உயிரோடு இருந்தார். தம் படங்களை ஜனங்கள் மறுபடி பார்த்துச் சிரிப்பதைக் கண்ணால் கண்ட பிறகே 1966-இல் காலமானார். நடராஜ முதலியாருக்குக் கிடைக்காதது இதுதான்.

தென்னாட்டு ஊமைப் படங்களில் ஏறக்குறைய ஒன்றே ஒன்று நம் கைக்குக் கிடைத்தது. அது தப்பிய விதம் நாவலாசிரியர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. நாகர்கோவில் சுந்தர்ராஜ் என்பவர் ‘மார்த்தாண்ட வர்மா’ என்ற படத்தை எடுத்து 1933-இல் வெளியிட்டார். டைரக்டர் பி.வி. ராவ். கதை சி.வி. ராமன் பிள்ளை 1891-இல் வெளியிட்ட பிரசித்தமான மலையாள நாவல். அந்த நாவலின் பதிப்புரிமை கமலாலயம் என்ற புத்தக நிறுவனத்தாரிடம் இருந்தது. படம் எடுத்தவர்கள் அவர்களைக் கேட்கவில்லை. நம் நாவல்களைச் சினிமாக்காரர்கள் சொல்லாமல் எடுத்துக்கொள்வது ஏதோ புதிய வழக்கம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கமலாலயத்தார் கோர்ட்டுக்குப் போனார்கள். திரையிட்ட சில நாளிலேயே படம் நின்றது. பிரதி பறிமுதலாகி, புத்தகக் கடைக்காரர்கள் வசம் போய்ச் சேர்ந்தது. சுந்தர்ராஜுக்குப் பெரும் நஷ்டம்.

வழக்கில் தோற்ற படமாதலால் அது கூடாரம் கூடாரமாக அலையவில்லை, கீறல் விழவில்லை. வெள்ளிக்காகக் கழுவவும் யாரும் முன்வரவில்லை. புத்தகங்களோடு புத்தகமாக நாற்பது வருஷம் கிடந்தது. 1974-இல் பூனா காப்பகத்தார் தேடி வந்து அதை வாங்கிப் போனார்கள். சில பகுதிகள் போய்விட்டாலும் பெரும்பகுதி இருந்தது. எழுத்து அட்டைகள் இங்கிலீஷிலும் மலையாளத்திலும் இருக்கின்றன.