தாம்பரம் தொடர்வண்டி நிலையம்: புறநகர் உருவாக்கமும் சேவை மாற்றங்களும்

ஆய்வுச் சுருக்கம்

நகரம் விரிந்த பின்னரே புறநகர்த் தொடர்வண்டி தேவைப்பட்டது என்பது பொதுவான கருத்து. சென்னையின் தென்மேற்கில் அமைந்துள்ள தாம்பரத்தின் வரலாறு இதற்கு மாறான வரிசையைக் காட்டுகிறது. நகரிலிருந்து விலகியிருக்கவும் நாள்தோறும் நகரை எட்டவும் ஒருசேர வழிசெய்த இடமாக இந்நிலையம் விளங்கியதையும், தொலைதூர வண்டிகளின் முனையமாக அது மாறியதால் எழுந்துள்ள முரணையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தாம்பரம், தென்னிந்திய இரயில்வே, மீட்டர் பாதை, மின்மயமாக்கம், புறநகர், முனையம்.

முன்னுரை

சென்னையின் தொடர்வண்டி வரலாறு பெரும்பாலும் 1856இல் திறக்கப்பட்ட இராயபுரம், 1908இல் இன்றைய கட்டடத்தைப் பெற்ற எழும்பூர் ஆகியவற்றின் வழியே எழுதப்படுகிறது. கட்டடச் சிறப்பு எதுவும் இல்லாத புறநகர் நிலையங்கள் அவ்வரலாற்றில் பின்தங்கிவிடுகின்றன. ஆயினும் மக்கள் எங்குக் குடியேறினர், எந்நிறுவனங்கள் எங்கு அமைந்தன என்னும் வினாக்களுக்கு இத்தகைய நிலையங்களே விடை தருகின்றன. அவற்றுள் தாம்பரம் குறிப்பிடத்தக்கது.

நீராவிக் காலம்

1874இல் உருவான தென்னிந்திய இரயில்வே, சென்னையைத் தெற்கு மாவட்டங்களுடன் மீட்டர் பாதையால் இணைத்தது. அப்பாதையில் தாம்பரம் ஓர் இடைநிலையமாகவே இருந்தது. நீராவி வண்டியைக் குறுந்தொலைவில் அடிக்கடி இயக்குவது எளிதன்று. கடைநிலையத்தில் இயந்திரத்தைக் கழற்றி மறுமுனையில் பூட்டவேண்டும். நீரும் நிலக்கரியும் நிரப்பவேண்டும். அடுத்தடுத்து நிலையங்கள் அமைந்த பாதையில், நின்று புறப்படும் ஒவ்வொரு முறையும் காலம் வீணாகும். எனவே பாதை இருந்தும், நாள்தோறும் நகருக்குச் சென்று திரும்பும் வாழ்க்கைமுறை தாம்பரத்தில் பரவலாக உருவாவதற்கு அது போதுமானதாக இல்லை.

1931: மின்வண்டியின் வருகை

1925இல் பம்பாயில் இந்தியாவின் முதல் மின்தொடர் வண்டி ஓடியது. ஆறு ஆண்டுகளுக்குப் பின்னர், 1931இல், சென்னைக் கடற்கரை முதல் தாம்பரம் வரையிலான ஏறத்தாழ 29 கிலோமீட்டர் மீட்டர் பாதை மின்மயமாக்கப்பட்டது. இந்தியாவில் மின்மயமான முதல் மீட்டர் பாதை இதுவே. மேல்நிலைக் கம்பி வழியாக 1,500 வோல்ட் நேர்மின்னோட்டம் வழங்கப்பட்டது.

மின்தொடர் வண்டியின் இரு முனைகளிலும் ஓட்டுநர் அறைகள் உண்டு. ஆதலால் கடைநிலையத்தை அடைந்த வண்டி, ஓட்டுநர் முனை மாறியதும் திரும்பிவிடலாம். நின்ற இடத்திலிருந்து விரைவாக வேகமெடுக்கவும் இயலும். குறுகிய இடைவெளியில் வண்டிகளை இயக்க இவ்விரு பண்புகளும் உதவின. இப்பாதை துறைமுகம், உயர் நீதிமன்றம், கோட்டை ஆகியவற்றை ஒட்டிய அலுவலகப் பகுதியில் தொடங்கி, 1920களில் உருவாகத் தொடங்கியிருந்த தியாகராய நகரை மாம்பலத்தில் தொட்டு, அன்றைய நகர எல்லைக்கு அப்பாலிருந்த தாம்பரத்தில் முடிந்தது. அங்குப் பெருங்குடியிருப்பு உருவாகும் முன்னரே வண்டி வந்துவிட்டது என்பதே இங்குக் கருதத்தக்கது.

தொலைவும் அணுக்கமும்

இப்பாதையை ஒட்டி அமைந்த நிறுவனங்களின் தன்மை இக்கருத்தை வலுப்படுத்துகிறது. மின்வண்டிக்கு மூன்றாண்டுகள் முன்பாக, 1928இல், மருத்துவர் டேவிட் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காக 12 படுக்கைகளுடன் ஒரு மருத்துவமனையை இங்குத் தொடங்கினார். 1937இல் அரசு அதனை ஏற்றது. அக்காலக் காசநோய் மருத்துவத்திற்குத் தூய காற்றும் நெரிசலற்ற இடமும் இன்றியமையாதனவாகக் கருதப்பட்டன. நோயாளியைக் காணவரும் உறவினர்க்கோ போக்குவரத்து வேண்டும். இவ்விரு தேவைகளும் இப்பாதையருகில் ஒருங்கே நிறைவேறின. மருத்துவமனையின் பெயராலேயே ‘தாம்பரம் சானடோரியம்’ என்னும் நிலையம் வழங்கிவருகிறது.

சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. அதன் பழைய வளாகம் உயர் நீதிமன்றத்திற்கு எதிரே, கடற்கரை நிலையத்திற்கு அண்மையில் இருந்தது. அதாவது கல்லூரி மின்வண்டிப் பாதையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்ந்தது. நகருடனான தொடர்பை முற்றிலும் அறுத்துக்கொள்ளவில்லை. 1984இல் சானடோரியம் பகுதியில் அமைந்த ஏற்றுமதி வளாகம் (மெப்ஸ்) இப்போக்கின் திசையை மாற்றியது. அதுவரை நகரை நோக்கியே பெரிதும் சென்ற காலைப் பயணம், தொழிலாளர்களால் புறநகரை நோக்கியும் அமைந்தது.

இருப்புப்பாதை இணைத்தது மட்டுமன்று, பிரிக்கவும் செய்தது. ‘கிழக்குத் தாம்பரம்’, ‘மேற்குத் தாம்பரம்’ என ஊர் வழங்கப்படுவதற்கு எல்லைக்கோடு தண்டவாளமே. ஜி.எஸ்.டி. சாலையும் சந்தையும் மேற்கிலும், கல்லூரியும் விமானப்படைத் தளமும் கிழக்கிலும் அமைந்தன. இதனால் நிலையத்தின் நடைமேம்பாலம் பயணிகளுக்கு மட்டுமன்றி ஊராருக்கும் வழியாயிற்று.

பாதை மாற்றமும் பயணியர் மாற்றமும்

1960களில் இப்பாதை 25 கிலோவோல்ட் மாறுமின்னோட்ட முறைக்கு மாறியது. பின்னர் 1,000 மில்லிமீட்டர் மீட்டர் பாதை படிப்படியாக 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதையாக மாற்றப்பட்டு, 2004இல் மீட்டர் பாதை மின்வண்டிச் சேவை முடிவுற்றது. அகலமான பெட்டிகள் கூடுதல் பயணிகளை ஏற்றின. பருவச்சீட்டும் மகளிர் பெட்டியும் வியாபாரிகளுக்கான பெட்டியும் குறைந்த வருவாய் உடையோரின் அன்றாடப் பிழைப்பைத் தாங்கிவருகின்றன.

எழும்பூரில் நெரிசல் மிகுந்தமையால் தென்மாவட்ட விரைவு வண்டிகள் சில தாம்பரத்திலிருந்தே புறப்படத் தொடங்கின. சென்னையின் மூன்றாவது முனையம் என்னும் தகுதியை நிலையம் இவ்வாறு அடைந்தது. இதன் விளைவாக இருவகைப் பயணியரின் தேவைகள் ஒரே நிலையத்தில் மோதுகின்றன. விரைவு வண்டிக்கு நீண்ட நடைமேடையும், புறப்படும்வரை நின்றிருக்க இடமும் வேண்டும். புறநகர் வண்டிக்கோ இடையறாத ஓட்டம் வேண்டும். 2024 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் நிலையத்தின் தண்டவாள அமைப்பு சீரமைக்கப்பட்டபோது புறநகர் வண்டிகள் பெருமளவில் நிறுத்தப்பட்டன. முனைய விரிவாக்கத்தின் சுமையில் ஒரு பகுதியை அன்றாடப் பயணி சுமக்க நேர்ந்தது என்பதற்கு இது சான்று. 2025 ஏப்ரலில் கடற்கரை–செங்கல்பட்டு இடையே அறிமுகமான குளிர்சாதன மின்வண்டி, கட்டணத்தின் அடிப்படையிலான புதிய பாகுபாட்டையும் உடன்கொணர்ந்தது.

முடிவுரை

தாம்பரத்தில் சேவை முன்னரும் குடியிருப்புப் பெருக்கம் பின்னரும் நிகழ்ந்தன. 2021இல் தாம்பரம் மாநகராட்சியானதை அவ்வளர்ச்சியின் உச்சமாகக் கொள்ளலாம். இதற்கு எதிரான வரிசையை அதே பாதையில் அண்மையில் காணமுடிகிறது. தாம்பரத்திற்குத் தெற்கே, கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பரில் திறக்கப்பட்டபோது அதனை ஒட்டித் தொடர்வண்டிப் பாதை இருந்தது, நிலையம் இல்லை. வெளியூரிலிருந்து வந்திறங்கியோர் நகருக்குள் செல்ல மற்றொரு பேருந்தையோ பிற ஊர்தியையோ நாடவேண்டியதாயிற்று. பாதை அருகிலிருப்பது மட்டும் அணுக்கம் ஆகாது. வண்டி நின்று செல்லும்போதே அது அணுக்கமாகிறது என்பதை இவ்விரு நிகழ்வுகளையும் ஒப்பிடும்போது அறியமுடிகிறது. புறநகர் நிலையங்களின் வரலாற்றைக் கட்டடங்களின் வரலாறாக அன்றி, சேவையின் வரலாறாக எழுதவேண்டியதன் தேவையும் இதனால் புலனாகிறது.