அடுத்த பெட்டி எந்தத் தபால் கந்தோரில்?

3,500 கிலோமீற்றர். நாளுக்கு 25 கிலோமீற்றர் நடந்தாலும் 140 நாள் வேணும். ஒரு நாளைக்கு முக்கால் கிலோ உலர் உணவு எண்டு கணக்குப் பாத்தால் 105 கிலோ. அதை முதுகில தூக்கிக்கொண்டு ஆராலும் மலை ஏற ஏலாது. அமெரிக்காவின் அப்பலாச்சியன் நடைபாதையை, ஜோர்ஜியாவிலிருந்து மெயின் வரை 14 மாநிலங்களூடாக, ஒரே தடவையில் நடந்து முடிக்க நினைக்கிற எவரும் முதலில் முட்டுப்படுவது இந்தக் கணக்கோடுதான். சாப்பாடு வழியில் எங்கேயோ காத்திருக்க வேணும். இரவில் படுக்க ஓரிடம் வேணும். இந்த இரண்டையும் தருவது ஆர், ஆருக்குத் தருவது எண்டு கேட்டுப் பாத்தால் அந்த நாட்டின் சரித்திரம் கொஞ்சம் வேற மாதிரித் தெரியத் தொடங்கும்.

பாதையை முதலில் முன்மொழிந்தவர் பெண்டன் மக்காய். 1921இல், ஒரு கட்டடக்கலைச் சஞ்சிகையில். காடு வளம் படிச்ச மனுசன், இடதுசாரிச் சாய்வு உள்ளவர். தொழிற்சாலை நகரங்களில் வேலை செய்து களைச்சுப் போனவர்களுக்கு மலை முகட்டில் ஒரு மாற்று வாழ்க்கை எண்டதுதான் அவற்ற யோசனை. அதில் பாதை ஒரு பகுதி மட்டும். ஒரு நாள் நடை தூரத்துக்கு ஒண்டாகத் தங்கும் முகாம்கள், ஆக்கள் சேர்ந்து வாழும் சமூக முகாம்கள், அவர்களுக்குச் சாப்பாடு விளைவிக்கிற உணவு, பண்ணை முகாம்கள் எண்டு மிச்சமும் இருந்தது. கூட்டுறவு அடிப்படையில் நடக்கிற பண்ணைகள். நடக்கிறவனுக்குச் சோறு அந்த மலையிலேயே விளையும்.

அது நடக்கேல்ல. மைரன் எவரி எண்ட சட்டத்தரணி வேலையைக் கையில் எடுத்து, தன்னார்வலர்களைக் கொண்டு 1937இல் பாதையை முழுசாக இணைச்சு முடிச்சார். பாதை வந்தது, தங்கும் கொட்டில்களும் வந்தன. பண்ணைகள் காகிதத்திலேயே நிண்டுவிட்டன. (என்னைக் கேட்டால், அந்தக் கட்டுரையின் ஆகச் சுவாரசியமான பகுதி வராமல் போனதுதான்.)

பண்ணை இல்லாத இடத்தை நிரப்பினது தபால் கந்தோர். அங்கே ஒரு பழைய வசதி இருக்கு: முகவரி இல்லாத ஆளுக்கும், பேரையும் ஊர்த் தபால் கந்தோரையும் எழுதிப் பொதி அனுப்பலாம், வந்து அடையாள அட்டையைக் காட்டி எடுக்கும் வரை, வழமையாக 30 நாள் மட்டும், அவர்கள் வைத்திருப்பார்கள். அதனால் பயணம் வீட்டுக் குசினி மேசையில்தான் தொடங்குது. எந்த ஊர், எத்தினையாம் திகதி, எத்தினை நாள் சாமான் எண்டு பட்டியல் போட்டு, பெட்டிகளைக் கட்டி, வீட்டில் நிக்கிற ஒருவரிட்டக் குடுத்து, குறிச்ச நேரத்துக்கு அனுப்பச் சொல்ல வேணும். பெட்டியில் வாற திகதியையும் எழுத வேணும். சனிக்கிழமை பின்னேரம் ஊருக்கு வந்து சேர்ந்தால் திங்கள் காலை மட்டும் பூட்டின கதவுக்கு முன்னால குந்த வேண்டியதுதான். ஆறு மாதச் சாப்பாட்டையும் முன்கூட்டியே கட்டி வைக்கிறவர்கள், மூண்டாவது மாதத்தில் அதே ஓட்ஸ் கஞ்சியைப் பாக்கவே வெறுத்துப் போயினம். அதனால் கன பேர் இப்ப கடை இல்லாத ஊர்களுக்கு மட்டும்தான் பெட்டி அனுப்புகினம். கடைசி மாநிலமான மெயினில் மொன்சன் ஊரைத் தாண்டினால் ஏறத்தாழ 160 கிலோமீற்றருக்கு ஊரே இல்லை. பத்து நாள் சாப்பாடு இல்லாமல் உள்ளே போக வேண்டாம் எண்டு அங்கே ஒரு பலகை நிக்குது.

இப்பிடித் திட்டம் எதுவும் போடாமல் நடந்தவ எமா கேற்வுட். 1955இல் அவவுக்கு 67 வயது. 11 பிள்ளைகள், 23 பேரப்பிள்ளைகள். கணவனிட்ட வருசக் கணக்காக அடி வாங்கி, 1941இல் விவாகரத்து எடுத்தவ. 1954இல் மெயின் பக்கத்திலிருந்து தொடங்கி, வழி தவறி, வனக்காவலர்கள் கண்டுபிடிச்சு வீட்டுக்குப் போகச் சொன்னவை. அடுத்த வருசம் ஜோர்ஜியாவிலிருந்து தொடங்கினா. பிள்ளைகளிட்ட ஒரு நடை போயிட்டு வாறன் எண்டு மட்டும்தான் சொன்னது. தானே தைச்ச டெனிம் பை, கன்வஸ் சப்பாத்து, மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை ஒண்டு. கூடாரம் இல்லை. கச்சான், பிளம்ஸ், டின் சொசேஜ், சூப் கட்டி. சஞ்சிகையில் வாசிச்ச கட்டுரை வழி முழுக்கத் துப்புரவான கொட்டில்கள் இருக்கு எண்ட மாதிரி எழுதியிருந்தது; போய்ப் பாத்தால் பல இடிஞ்சோ, எரிஞ்சோ, படுக்க ஏலாத ஊத்தையாகவோ கிடந்தன. அதனால் வீட்டுக் கதவுகளைத் தட்டினா. சிலர் சோறும் கட்டிலும் குடுத்தவை, சிலர் துரத்தினவை. துரத்தின நாள்களில் இலைச் சருகிலும் ஆற்றின வாங்கிலிலும் படுத்தா. 146 நாளில் முடிச்சா. முழுப் பாதையையும் தனியே ஒரே தடவையில் நடந்த முதல் பெண் அவதான்.

எமாவின் துணிச்சலில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவ தட்டின கதவுகளை அதே 1955இல் ஒரு கறுப்பினப் பெண் தட்டியிருக்க ஏலுமா? பாதை போன மாநிலங்களில் பல, நிறப் பாகுபாடு சட்டமாகவே இருந்த தென் மாநிலங்கள். பொழுதுபட்ட பிறகு கறுப்பர் நிற்கவே கூடாத ஊர்கள் தெற்கில் மட்டுமில்லை, வடக்கிலும் இருந்தன. எங்கே படுக்கலாம், எங்கே சாப்பிடலாம் எண்டு அவர்களுக்காக 1936இல் ஒரு கைநூல் வரத் தொடங்கியது. அதை வெளியிட்ட விக்டர் ஹியூகோ கிறீன் ஹார்லெமில் வசித்தவர். தொழில், தபால்காரர். 1960களின் நடுப்பகுதி வரை அந்தக் கைநூல் தேவைப்பட்டது.

வேர்ஜீனியாவில் பாதை செனன்டோவா தேசியப் பூங்காவுக்குள்ளால போகுது. அந்தப் பூங்காவே ஏறத்தாழ 500 மலைக் குடும்பங்களை எழுப்பிவிட்டு உருவாக்கினது. 'மனிதர் கால் படாத காடு' எண்டு படம் எடுக்கிற சில இடங்களில் அவர்களின் வீட்டு அத்திவாரங்களும் புதைகுழிகளும் இப்பவும் கிடக்குது. முகாம்களை வெள்ளையருக்கு எண்டு வைச்சுவிட்டு, 1939இல் லூயிஸ் மலையில் மட்டும் கறுப்பினத்தவருக்குத் தனி இடம் திறந்தார்கள். வீதியோரத்தில் அப்பிடியே பலகையும் எழுதி நட்டார்கள். அந்தப் பிரிவினை 1950இல்தான் முழுசாக நீங்கியது. நடைபாதை அந்த முகாமுக்குப் பக்கத்தாலதான் போகுது. இப்ப அங்கே ஒரு சின்னக் கடை இருக்கு. பெட்டி அனுப்பாமல் வாற நடைக்காரர்கள் அடுத்த இரண்டு மூண்டு நாளுக்குரிய சாமானை அதில் வாங்கிக்கொண்டு போகினம்.