குழாய் நீரில் வந்த நஞ்சு



அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் லெஜூன் முகாம் என்ற பெரிய படைத்தளம் உள்ளது. 1941இல் அமைக்கத் தொடங்கிய தளம் அது. மரீன் படைவீரர்களோடு அவர்களின் மனைவி மக்களும் அங்கேயே குடியிருந்தனர். தளத்தின் ஆழ்கிணறுகளிலிருந்து வீடுகளுக்குக் குழாய் நீர் வந்தது.

ஆலைகளில் இயந்திரப் பிசுக்கை மண்ணெண்ணெய் கொண்டு துடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெரிய பட்டறைகளில் இதற்கு டிரைகுளோரோஎத்திலீன் என்ற கரைப்பானைப் பயன்படுத்தினர். அதன் இனத்தைச் சேர்ந்த மற்றொன்று உலர்சலவைக்கு உதவுகிறது. இவை தண்ணீரைவிடக் கனமானவை. நிலத்தில் கொட்டினால் மண்ணுக்குள் இறங்கி ஊற்றுநீரில் சேர்ந்துவிடும். நீரோ தெளிவாகவே இருக்கும். தளத்தின் பட்டறைக் கழிவும், எண்ணெய்த் தொட்டிகளின் கசிவும், வெளியே இருந்த ஒரு சலவைக் கடையின் கழிவும் கிணறுகளில் கலந்தன. 1982இல் ஒரு குழாயில் எடுத்த நீரில் நூறு கோடிப் பங்குக்கு 1,400 பங்கு கரைப்பான் இருந்தது. பின்னாளில் அரசு வகுத்த வரம்பு 5 பங்குதான்! அப்படியிருந்தும் மோசமான கிணறுகளை மூடியது 1984, 1985 ஆம் ஆண்டுகளில்தான்.

ஜெர்ரி என்ஸ்மிங்கர் அங்கே பணியாற்றிய சார்ஜெண்ட். அவர் மகள் ஜேனி 1985இல், ஒன்பது வயதில், இரத்தப் புற்றுநோயால் இறந்தாள். நீரில் நஞ்சு கலந்திருந்த செய்தியை அவர் தொலைக்காட்சியில் கேட்டது 1997இல். பன்னிரண்டு ஆண்டுகள் ஏனென்றே தெரியாமல் அழுத தகப்பன், அன்றுமுதல் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார்.

கேட்டவுடன் கிடைக்கவில்லை. பணியில் நேர்ந்த தீங்குக்குப் படைவீரர் அரசின்மீது வழக்காட முடியாது என்று உச்சநீதிமன்றம் 1950இலேயே தீர்ப்பளித்திருந்தது. மாநிலச் சட்டமோ பத்தாண்டு கடந்தால் வழக்கே இல்லை என்றது. இந்த நோய்கள் வெளிப்படவே இருபது, முப்பது ஆண்டுகள் ஆகலாம். நோய் வருமுன் எவன் வழக்குப் போடுவான்? எனக்கு இது நியாயமாகப் படவில்லை. அதோடு, 'இந்த நீரால்தான் இந்த நோய்' என்று நோயாளியே மெய்ப்பிக்க வேண்டியிருந்தது.

2012இல் ஜேனியின் பெயராலேயே ஒரு சட்டம் வந்தது. படைவீரருக்கும் குடும்பத்தாருக்கும் குறிப்பிட்ட நோய்களுக்கான சிகிச்சைக்கு அது வழிசெய்தது. 2017இல்தான் பெரிய மாற்றம். 1953 ஆகஸ்டு முதல் 1987 முடிய, மொத்தம் முப்பது நாள் அங்கே பணியாற்றியிருந்தால் போதும். சிறுநீரகப் புற்றுநோய், இரத்தப் புற்றுநோய், பார்க்கின்சன் நோய் முதலிய எட்டு நோய்களை அந்த நீரால் வந்தவையாகவே கொண்டு உதவித்தொகை தர வேண்டும் என்று விதித்தார்கள். மெய்ப்பிக்கும் சுமை நோயாளியின் தோளிலிருந்து இறங்கியது. ஆனால் உதவித்தொகை படைவீரருக்கு மட்டுமே; அதே நீரைக் குடித்த மனைவி மக்களுக்கு இல்லை.

அவர்களுக்கும் நீதிமன்றக் கதவைத் திறந்தது 2022 ஆகஸ்டு 10இல் கையெழுத்தான சட்டம். நட்டஈட்டு மனு கொடுக்க இரண்டே ஆண்டு தவணை. 2024 ஆகஸ்டு 10உடன் அது முடிந்தது. அதற்குள் இலட்சக்கணக்கான மனுக்கள் குவிந்தன. படைவீரரின் உதவித்தொகைக்கு அந்தத் தவணை கிடையாது.